ஜாவாவில் லாம்டாவுக்குச் சொந்த வகை ஏன் இல்லை: ஒரு நிகழ்வு ஆய்வு

2018-இல் வந்த ஜாவா 10-இல் 'வார்' என்ற வசதி சேர்ந்தது. மாறியின் வகையை நாம் எழுத வேண்டாம், வலப்பக்கம் இருப்பதைப் பார்த்துக் கம்பைலரே தெரிந்துகொள்ளும். எண், ஸ்ட்ரிங், நான்கு அடுக்கு ஜெனரிக்ஸ் (உள்ளே எந்த வகை இருக்கும் என்ற குறிப்பு) கொண்ட மேப் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். ஆனால் இந்த ஒரு வரி லாம்டாவை (பெயரில்லாமல் அம்புக்குறியோடு எழுதும் சிறு ஃபங்ஷனை) கொடுத்துப் பாருங்கள்:

எண் -> எண் + 1

கம்பைலர் மறுத்துவிடும். மாறியை 'ஆப்ஜெக்ட்' என்று அறிவித்துப் போட்டாலும் மறுக்கும். ஜாவாவில் எல்லாமே ஆப்ஜெக்ட் என்று கல்லூரியில் படித்துவிட்டு வந்தவருக்கு இது விசித்திரமாக இருக்கும். இதே வரியை 'இன்ட்யூனரிஆப்பரேட்டர்' வகை மாறியில் போட்டால் சிக்கலில்லை. இன்டீஜர் வாங்கி இன்டீஜர் தரும் 'ஃபங்ஷன்' வகையிலும், 'இன்ட்டுலாங்ஃபங்ஷன்' வகையிலும், 'இன்ட்டுடபிள்ஃபங்ஷன்' வகையிலும் அப்படியே உட்காரும். ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

காரணம், ஜாவாவின் லாம்டாவுக்கென்று தனி வகை கிடையாது. எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடம் எதிர்பார்க்கும் இன்டர்ஃபேஸே (என்னென்ன மெத்தட் இருக்க வேண்டும் என்று சொல்லும் அறிவிப்பே) அதன் வகை. எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் அதற்கு அர்த்தமே இல்லை. லாம்டா என்றதும் எல்லோர் கண்ணும் அம்புக்குறி மேல்தான் போகிறது. ஆனால் ஜாவாவில் லாம்டாவின் நல்லது கெட்டது இரண்டையும் தீர்மானித்தது 'ஃபங்ஷனுக்கென்று புதிய வகை வேண்டாம், இருக்கிற இன்டர்ஃபேஸ் போதும்' என்ற முடிவுதான். அந்த முடிவு எப்படி வந்தது, அது இன்று நம் கோடில் (நிரலில்) எங்கெல்லாம் தலைகாட்டுகிறது என்பதே இந்த ஆய்வு.

பதினேழு வருட இழுபறி

ஜாவாவின் முதல் பதிப்பில் குளோஷர் (சுற்றியுள்ள மாறிகளையும் பிடித்துக்கொள்ளும் ஃபங்ஷன்) இல்லாமல் போனதற்கு நேரப் பற்றாக்குறைதான் முக்கியக் காரணம் என்று ஜாவாவை உருவாக்கிய ஜேம்ஸ் காஸ்லிங் பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்த ஓட்டையை அடைக்க 1997-இல் ஜாவா 1.1-இல் இன்னர் கிளாஸும் பெயரில்லா கிளாஸும் வந்தன. ஒரு பட்டனைச் சொடுக்கினால் என்ன நடக்க வேண்டும் என்று ஒரே வரியில் சொல்ல வேண்டிய இடத்தில் ஐந்தாறு வரி எழுதும் பழக்கம் அப்போது தொடங்கியது. உள்ளே உருப்படியான வரி ஒன்று, மீதியெல்லாம் சடங்கு.

வெளியே உள்ள லோக்கல் மாறியை உள்ளே பயன்படுத்த வேண்டுமானால் அதை 'ஃபைனல்' (மதிப்பு மாறாதது) என்று அறிவிக்க வேண்டும் என்று ஜாவா 7 வரை இருந்த விதியும் அங்கிருந்துதான் வந்தது. இதை ஜாவா குழுவின் சோம்பல் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை வேறு. ஆரம்ப முன்மாதிரியில் ஃபைனல் அல்லாத மாறிகளையும் உள்ளிருந்து தொட முடிந்தது என்று ஜாவா மொழி விதிநூலை எழுதியவர்களில் ஒருவரான கை ஸ்டீல் சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்தால் அந்த மாறிகளை மெத்தட் முடிந்ததும் காலியாகும் ஸ்டாக்கில் வைக்காமல், அதன் பிறகும் நீடிக்கும் ஹீப்பில் வைக்க வேண்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் செலவு வேண்டாம் என்று பயனர்களே எதிர்ப்புக் கிளப்பியதால் அந்த வசதி எடுக்கப்பட்டது.

2006-இல் விவாதம் சூடு பிடித்தது. கிலாட் பிராகா, நீல் காஃப்டர், காஸ்லிங், பீட்டர் வான் டெர் ஆஹே நால்வரும் சேர்ந்து ஒரு முன்மொழிவை வைத்தார்கள். அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அது பிஜிஜிஏ என்று அழைக்கப்பட்டது. அதில் முழுமையான ஃபங்ஷன் வகைகள் இருந்தன. 'ஃபார்', 'வித்' மாதிரியான கட்டுப்பாட்டுக் கட்டமைப்புகளை நாமே உருவாக்கிக்கொள்ளும் வசதியும் இருந்தது. எதிர்ப்பக்கம் பாப் லீ, டக் லீ, ஜாஷ் பிளாக் மூவரும் 'பெயரில்லா கிளாஸைச் சுருக்கி எழுத வழி கொடுத்தால் போதும்' என்றார்கள். அதற்குப் பெயர் சைஸ் (CICE). ஸ்டீஃபன் கோல்போர்ன், ஸ்டெஃபான் ஷுல்ஸ் இருவரின் எஃப்சிஎம் என்ற முன்மொழிவு இவ்விரண்டுக்கும் நடுவில் நின்றது. 2007 டிசம்பரில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் நடந்த ஜாவாபோலிஸ் மாநாட்டில், பிஜிஜிஏ வந்தால் மொழி எவ்வளவு சிக்கலாகும் என்று ஜாஷ் பிளாக் ஒரு முழு உரையே நிகழ்த்தினார்.

அதே நகரில், டெவாக்ஸ் என்று பெயர் மாறிய அதே மாநாட்டில், 2008-இல் ஜாவா 7-இல் குளோஷர் கிடையாது என்றார் சன் நிறுவனத்தில் ஜாவாவின் தலைமை வடிவமைப்பாளராக இருந்த மார்க் ரெய்ன்ஹோல்ட். 2009-இல் அங்கேயே நின்று 'உண்டு' என்றார். மனம் மாறியதற்கு அவர் சொன்ன காரணம் மல்டி-கோர் சிப்புகள். வேலையைத் துண்டுதுண்டாக்கிப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லைப்ரரி எழுத வேண்டுமானால், 'இந்தத் துண்டில் இதைச் செய்' என்று கோட் துண்டையே கையில் தூக்கிக் கொடுக்க வேண்டும். பெயரில்லா கிளாஸை வைத்துக்கொண்டு அப்படி ஒரு லைப்ரரியை யாரும் மனமுவந்து பயன்படுத்த மாட்டார்கள்.

பிறகு சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்குப் போனது. 2010 செப்டம்பரில் 'பிளான் பி' அறிவிக்கப்பட்டது: லாம்டா இல்லாமல் ஜாவா 7, அதன் பின்னர் லாம்டாவோடு ஜாவா 8. ஜாவா 7 வந்தது 2011 ஜூலை 28. ஜாவா 8-க்குக் குறித்த தேதிகள் தள்ளிக்கொண்டே போயின. 2013-இல் பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்வதற்கு ஆட்களைத் திருப்ப வேண்டியிருந்ததால் மறுபடியும் தள்ளியது. ஒருவழியாக 2014 மார்ச் 18 அன்று வெளியானது. சி ஷார்ப்பில் லாம்டா 2007-லேயே வந்துவிட்டது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தீர்மானமான இடம்

ஜாவாவில் லாம்டாவைச் சேர்க்க நடந்த புராஜெக்ட் லாம்டாவின் முதல் வரைவில் ஃபங்ஷன் வகைகள் இருந்தன. ஹாஷ் குறியில் தொடங்கும், பார்க்கவே கண் கூசும் ஓர் இலக்கணம் அது. பிரையன் கோட்ஸ் தலைமையில் வடிவமைப்பு முன்னேறியபோது அவை கழன்று விழுந்தன. மேலோட்டமாகப் பார்த்தால் இது பின்வாங்கல். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் முன்னால் இருந்த நிலவரம் இதுதான்.

ஜாவாவில் ஏற்கெனவே நடைமுறையில் ஃபங்ஷன் வகைகள் இருந்தன. அவற்றுக்கு அந்தப் பெயர் மட்டும் இல்லை. 'ரன்னபிள்', 'காலபிள்', 'கம்பேரட்டர்', 'ஆக்ஷன்லிஸனர்' எல்லாமே ஒரே ஒரு அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் (உடல் எழுதாமல் அறிவித்த மெத்தட்) கொண்ட இன்டர்ஃபேஸ்கள்தான். அப்போதெல்லாம் இவற்றை 'சாம்' (Single Abstract Method) என்று சுருக்கமாகக் குறிப்பிடுவார்கள். உலகம் முழுக்க எழுதிக் குவித்த லைப்ரரிகள் இவற்றை வாங்கிக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தன. புதிதாக ஒரு ஃபங்ஷன் வகையைக் கொண்டுவந்தால் பழைய லைப்ரரி ஒரு பாணியிலும் புதிய லைப்ரரி இன்னொரு பாணியிலும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் மாற்றிக் கொடுக்கும் வேலை நம் தலையில் விழும்.

இன்னொரு முட்டுக்கட்டை, ஜெனரிக்ஸ். 2004-இல் ஜாவா 5-இல் ஜெனரிக்ஸ் வந்தபோது வகை விவரங்கள் கம்பைல் ஆனதும் அழிக்கப்பட்டுவிடும் என்ற ஏற்பாட்டோடு வந்தது. ஃபங்ஷன் வகையையும் அதே பாதையில் கொண்டுபோனால், ஸ்ட்ரிங் வாங்கும் ஃபங்ஷனுக்கும் தேதி வாங்கும் ஃபங்ஷனுக்கும் ரன்டைமில் (நிரல் ஓடும்போது) வித்தியாசம் இருக்காது. இவ்விரண்டையும் வாங்கும் ஒரே பெயருள்ள இரண்டு மெத்தட்களை ஒரு கிளாஸில் வைக்க முடியாது. பெயருள்ள இன்டர்ஃபேஸுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆகவே முடிவு இப்படி ஆனது: அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் ஒன்றே ஒன்று உள்ள எந்த இன்டர்ஃபேஸும் ஃபங்ஷனல் இன்டர்ஃபேஸ். யார் எழுதியது, எப்போது எழுதியது என்ற கேள்வி இல்லை. 1990-களில் எழுதி, அதன் பிறகு யாரும் தொடாத ஒரு ஜார் ஃபைலில் இருக்கும் இன்டர்ஃபேஸுக்கும் 2014-க்குப் பிறகு லாம்டாவைக் கொடுக்கலாம். அந்த ஜாரை மறுபடி கம்பைல் செய்யக்கூட வேண்டாம். 'ஃபங்ஷனல்இன்டர்ஃபேஸ்' என்ற அனொட்டேஷன் கட்டாயமில்லை. பிற்பாடு யாரேனும் இரண்டாவது அப்ஸ்ட்ராக்ட் மெத்தடைச் சேர்த்தால் கம்பைலர் கையைப் பிடித்து நிறுத்தும், அவ்வளவுதான் அதன் வேலை.

நேர்காணலில் மடக்கப் பயன்படும் கேள்வி ஒன்று இங்கே உண்டு. கம்பேரட்டரில் 'கம்பேர்', 'ஈக்வல்ஸ்' என இரண்டு அப்ஸ்ட்ராக்ட் மெத்தட்கள் இருக்கின்றனவே, அது எப்படி ஃபங்ஷனல் இன்டர்ஃபேஸ்? ஈக்வல்ஸ் ஆப்ஜெக்ட் கிளாஸிலிருந்து எல்லோருக்கும் கிடைப்பது. அதனால் அது கணக்கில் வராது.

கம்பைலர் உள்ளே செய்வது

லாம்டா என்பது பெயரில்லா கிளாஸின் சுருக்கெழுத்து என்று பல பயிற்சிக் குறிப்புகளில் எழுதியிருக்கும். அது தவறு. பெயரில்லா கிளாஸ் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் தனி கிளாஸ் ஃபைல் உருவாகும். லாம்டாவுக்கு அப்படி உருவாவதில்லை. லாம்டாவின் உடலைக் கம்பைலர் அதே கிளாஸில் ஒரு பிரைவேட் மெத்தடாக ஆக்கிவைக்கிறது. எர்ரர் வரும்போது ஸ்டாக் டிரேஸில் (எந்த மெத்தட் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியலில்) 'லாம்டா$மெயின்$0' என்ற பாணியில் ஒரு பெயர் வருமே, அதுதான் இது. லாம்டா எழுதிய இடத்தில் 'இன்வோக்டைனமிக்' என்ற ஒரே கட்டளை நிற்கும்.

அந்தக் கட்டளை ஜாவா 7-இல் சேர்ந்தது. ஜேரூபி, குரூவி போன்ற டைனமிக் மொழிகள் ஜேவிஎம் (ஜாவா நிரல்களை ஓட்டும் மென்பொருள்) மேல் வேகமாக ஓடட்டும் என்பதற்காகச் செய்தது. ஜாவா 7-இன் கம்பைலர் நாம் எழுதும் ஜாவா கோடுக்கு அதைப் பயன்படுத்தவே இல்லை. ஜாவா 8-இல் லாம்டா வழியாகத்தான் ஜாவா மொழியே அதன் பெரிய வாடிக்கையாளராக ஆனது. அந்த வரி முதன்முறை ஓடும்போது 'லாம்டாமெட்டாஃபேக்டரி' கூப்பிடப்படுகிறது. அது இன்டர்ஃபேஸுக்கு ஏற்ற ஒரு கிளாஸை நினைவகத்திலேயே தயாரித்துக் கொடுக்கும். இரண்டாம் முறையிலிருந்து அந்த வேலை இல்லை.

எப்படித் தயாரிக்க வேண்டும் என்பதைக் கம்பைல் ஆன ஃபைலில் எழுதிவைக்காமல் ரன்டைமிடம் விட்டுவிட்டதுதான் இதில் கெட்டிக்காரத்தனம். நாளை ஜேவிஎம் இதைவிட நல்ல வழி கண்டுபிடித்தால் நேற்று கம்பைல் செய்த ஃபைலுக்கும் அதன் பலன் கிடைக்கும்.

வெளியிலிருந்து எதையும் பிடித்துக்கொள்ளாத லாம்டாவுக்கு ஹாட்ஸ்பாட் என்ற ஜேவிஎம் ஒரே ஆப்ஜெக்டைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும். பிடித்துக்கொள்வதற்கு ஒவ்வொரு முறையும் புதிது. மொழி விதி இரண்டில் எதையும் உத்தரவாதமாகச் சொல்லவில்லை. ஒரு லிஸனரை (சொடுக்கு மாதிரி ஏதேனும் நடந்தால் கூப்பிடப்படுவதை) சேர்க்கும்போது 'திஸ்::சொடுக்கினால்' என்று மெத்தட் ரெஃபரன்ஸ் (லாம்டாவுக்குப் பதில் இருக்கும் மெத்தடின் பெயர்) கொடுத்துவிட்டு, நீக்கும்போதும் அதே 'திஸ்::சொடுக்கினால்' என்று கொடுப்பவர்களை இது கடிக்கும். எழுத்து ஒன்றாக இருந்தாலும் ஆப்ஜெக்ட் இரண்டு. ஈக்வல்ஸ் ஒத்துப்போகாது, லிஸனர் நீங்காது. எர்ரரும் வராது, சத்தமில்லாமல் நினைவகம் கசியும். ஒரு மாறியில் வைத்துக்கொண்டு அதையே இரு இடத்திலும் கொடுப்பதுதான் வழி.

'திஸ்' பற்றி இன்னொன்று. பெயரில்லா கிளாஸுக்குள் 'திஸ்' என்றால் அந்தக் குட்டி ஆப்ஜெக்ட். லாம்டாவுக்குள் 'திஸ்' என்றால் வெளியே இருக்கும் கிளாஸ். எடிட்டர் மஞ்சள் கோடு போட்டு 'லாம்டாவாக மாற்றட்டுமா' என்று கேட்கும்போது உள்ளே 'திஸ்' இருக்கிறதா என்று ஒரு நொடி பார்ப்பது நல்லது.

பழைய வீட்டை இடிக்காமல்

லாம்டா வந்தாலும் அதை வாங்கிக்கொள்ள 'கலெக்ஷன்', 'லிஸ்ட்', 'மேப்' தயாராக இல்லை. அவை 1998-இல் ஜாவா 1.2-இல் வந்த இன்டர்ஃபேஸ்கள். அவற்றில் ஒரு புதிய மெத்தடைச் சேர்த்தால் அவற்றை இம்ப்ளிமென்ட் செய்த அத்தனை வெளி கிளாஸ்களும் உடையும். அதனால் பிறந்ததுதான் டிஃபால்ட் மெத்தட். இன்டர்ஃபேஸிலேயே உடலோடு ஒரு மெத்தட், யாரும் எழுதாவிட்டால் இதை எடுத்துக்கொள் என்ற ஏற்பாடு. 'ஃபார்ஈச்', 'ரிமூவ்இஃப்', 'ஸ்ட்ரீம்', லிஸ்ட்டின் 'சார்ட்', மேப்பின் 'கெட்ஆர்டிஃபால்ட்', 'கம்ப்யூட்இஃப்ஆப்சென்ட்' எல்லாம் இந்த வாசல் வழியாக உள்ளே வந்தவை. டிஃபால்ட் மெத்தட் எத்தனை இருந்தாலும் ஃபங்ஷனல் இன்டர்ஃபேஸ் கணக்கு கெடுவதில்லை. அதனால்தான் கம்பேரட்டரில் 'ரிவர்ஸ்ட்', 'தென்கம்பேரிங்' என்று அவ்வளவு வசதிகளை அடுக்க முடிந்தது.

கொடுத்த விலை

இனி மறுபக்கம். ஃபங்ஷன் வகை இல்லாததால் ஒவ்வொரு வடிவத்துக்கும் பெயர் வைத்தாக வேண்டும். 'ஜாவா.யூட்டில்.ஃபங்ஷன்' பேக்கேஜில் 43 இன்டர்ஃபேஸ்கள் இருக்கின்றன. 'ஃபங்ஷன்', 'பிரெடிகேட்', 'கன்ஸ்யூமர்', 'சப்ளையர்' நான்கையும் நினைவில் வைத்தால் மற்றவற்றைப் பெயரிலிருந்தே ஊகித்துவிடலாம். ஆனாலும் இவ்வளவு ஏன்? ஜெனரிக்ஸுக்குள் இன்ட், லாங், டபிள் நேரடியாகப் போக முடியாது, பெட்டியில் அடைத்துத்தான் அனுப்ப வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்க மூன்றுக்கும் தனித்தனிப் பிரதிகள். மூன்று ஆர்க்யுமென்ட் வாங்கும் ஃபங்ஷன் வேண்டுமென்றால் 43-இல் ஒன்றும் கிடையாது. நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

இடத்தைப் பார்த்து வகையைத் தீர்மானிக்கும் முறை எங்கே தடுமாறும் என்று பார்க்க ஒரு சின்ன உதாரணம். 'நூல்' என்று ஒரு கிளாஸ், அதில் 'பக்கம்()' என்று ஒரு மெத்தட். (ஜாவா யூனிகோட் பெயர்களை ஏற்கும், தமிழில் பெயர் வைத்தாலும் கம்பைல் ஆகும்.) நூல்களின் லிஸ்ட்டைப் பக்க எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்த, சார்ட் மெத்தடுக்குள் 'கம்பேரிங்' வைத்து இதைக் கொடுக்கிறோம்:

அ -> அ.பக்கம்()

வேலை செய்யும். பெரிய நூல் முதலில் வர வேண்டுமென்று கடைசியில் '.ரிவர்ஸ்ட்()' சேர்த்த உடனே எர்ரர்: ஆப்ஜெக்டில் 'பக்கம்' என்ற மெத்தட் இல்லையாம். முதலில் பார்ப்பவருக்குத் தலை சுற்றும், ரிவர்ஸ்டுக்கும் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று. சம்பந்தம் இருக்கிறது. 'நூல்களின் கம்பேரட்டர் வேண்டும்' என்ற எதிர்பார்ப்பு சார்ட் மெத்தடிலிருந்து வருகிறது. ரிவர்ஸ்ட் இல்லாதபோது அது நேராகக் கம்பேரிங் வரை போய்ச் சேர்ந்தது. இப்போது அந்த எதிர்பார்ப்பு ரிவர்ஸ்டோடு நின்றுவிடும், புள்ளியைத் தாண்டி இடப்பக்கம் போகாது. அநாதையாக நிற்கும் லாம்டாவின் 'அ' வெறும் ஆப்ஜெக்ட் ஆகிவிடுகிறது. தீர்வு எளிது: '(நூல் அ) -> அ.பக்கம்()' என்று வகையை எழுதுங்கள், அல்லது 'நூல்::பக்கம்' என்று மெத்தட் ரெஃபரன்ஸ் கொடுங்கள்.

இதைவிட வேடிக்கையானது 'எக்ஸிக்யூட்டர்சர்வீஸ்' இன்டர்ஃபேஸின் 'சப்மிட்' மெத்தட். அது மதிப்புத் தராத ரன்னபிளும் வாங்கும், மதிப்புத் தரும் காலபிளும் வாங்கும். ஆர்க்யுமென்ட் இல்லாத ஒரு லாம்டாவில் 'வைல் (ட்ரூ)' என்று முடிவில்லாத லூப், அதற்குள் 'த்ரெட்.ஸ்லீப்' எழுதுகிறோம். ஸ்லீப் ஒரு செக்ட் எக்செப்ஷனை (பிடிக்க வேண்டும் அல்லது அறிவிக்க வேண்டும் என்று கம்பைலர் கட்டாயப்படுத்தும் பிழையை) எறியக்கூடியது, நாம் ட்ரை-கேட்ச் போடவில்லை. ஆனாலும் கம்பைல் ஆகிவிடும்! முடிவுக்கே வராத உடல் மதிப்பைத் திருப்பித் தரும் லாம்டாவாகவும் செல்லும், தராத லாம்டாவாகவும் செல்லும். இரண்டும் பொருந்தும்போது கம்பைலர் காலபிளைத் தேர்ந்தெடுக்கிறது. காலபிளின் 'கால்' மெத்தட் எந்த எக்செப்ஷனையும் எறியலாம். பிறகு ஒருநாள் ட்ரூ இருந்த இடத்தில் '!நிறுத்து' என்று ஒரு பூலியன் ஃபீல்டைப் போடுகிறோம். இப்போது லூப் முடியக்கூடும், மதிப்பு எதுவும் திரும்பவில்லை, எனவே ரன்னபிள் மட்டும்தான் பொருந்தும். ரன்னபிளின் 'ரன்' செக்ட் எக்செப்ஷனை எறிய அனுமதிக்காது. நாம் தொட்டது லூப் நிபந்தனையை. எர்ரர் வருவதோ தொடாத ஸ்லீப் வரியில்.

செக்ட் எக்செப்ஷன்தான் இந்த வடிவமைப்பின் ஆறாத புண். 43 இன்டர்ஃபேஸ்களில் ஒன்றுகூட எந்தச் செக்ட் எக்செப்ஷனையும் அறிவிக்கவில்லை. ஸ்ட்ரீமின் 'மேப்' மெத்தடுக்குள் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து படிக்க முயன்றால் லாம்டாவுக்குள்ளேயே ட்ரை-கேட்ச் எழுத வேண்டும். ஒரே வரியில் அழகாக முடிய வேண்டியது ஐந்து வரியாகி, பெயரில்லா கிளாஸ் காலத்துச் சடங்குகள் வேறு உருவில் திரும்பிவிடுகின்றன. ஜாவா 8-லேயே 'அன்செக்ட்ஐஓஎக்செப்ஷன்' என்று ஒன்றைச் சேர்த்தார்கள் என்பதே, இந்தச் சிக்கல் வரும் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சி. 'எறியும் ஃபங்ஷன்' என்று சொந்தமாக ஓர் இன்டர்ஃபேஸ் எழுதி, அதைச் சாதா ஃபங்ஷனாக மாற்றித் தரும் ஒரு ஸ்டாட்டிக் மெத்தடையும் வைத்துக்கொள்வது பல புராஜெக்ட்களில் நடக்கிறது. நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் அந்த மாற்றி மெத்தட் எக்செப்ஷனை விழுங்கிவிடாமல், மூலக் காரணத்தோடு சேர்த்து மறுபடி எறிகிறதா என்று ரிவ்யூவில் பார்க்க வேண்டும். விழுங்கிவிட்டு 'நல்' (null, வெறுமை) திருப்பித் தரும் பிரதிகளும் புழக்கத்தில் உள்ளன.

லாம்டாவே வேண்டாம் என்று நான் சொல்லும் ஒரே இடம் உடல் நீண்டுபோகும் இடம். ஏழெட்டு வரி ஆனதும் அதற்கு ஒரு பெயர் கொடுத்துப் பிரைவேட் மெத்தடாக வெளியே எடுத்து, மெத்தட் ரெஃபரன்ஸாகக் கொடுத்துவிடலாம். கம்பைலர் உள்ளே அதைத்தானே செய்கிறது. நாம் செய்தால் ஸ்டாக் டிரேஸில் 'லாம்டா$மெயின்$7' என்று வராமல் படிக்கத்தக்க பெயராவது வரும்.

பயன்படுத்தாத பாராமீட்டர் விஷயம் மட்டும் அண்மையில் தீர்ந்தது. வாங்கியும் தொடாத ஆர்க்யுமென்டுக்கு அடிக்கோடு ஒன்றை மட்டும் பெயராக வைக்க ஜாவா 8 லாம்டாவில் தடை போட்டது. ஜாவா 9-இல் அந்தக் குறி கோட் முழுவதிலும் தடைபட்டது. 'இதைப் பிற்பாடு வேறு வேலைக்கு வைத்துக்கொள்வோம்' என்ற முன்பதிவு அது. ஜாவா 8 வந்து பத்து வருடம் கழித்து 2024 மார்ச்சில் ஜாவா 22 அந்த வேலையைக் கொடுத்தது. இப்போது '(_, மதிப்பு) -> மதிப்பு + 1' என்று தாராளமாக எழுதலாம்.